சங்க மண்டபத்தில் பேசிய பிரெஞ்சு

எனக்கும் என் தோழிக்கும் ஒரே நாளில் முனைவர் பட்டம் கிடைத்தது. இருவருக்கும் பிரெஞ்சு இலக்கியம். நான் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை, அவள் காரைக்கால். பழைய பிரெஞ்சு நாவல்களில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காணாமல் போகும் வேலைக்காரப் பெண்களைப் பற்றி நான் எழுதினேன். செத்தவர்களை நினைத்து எழுதப்பட்ட கவிதைகளைப் பற்றி அவள் எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் இருவருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது.

அப்பாவுக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. பட்டம் வந்ததும் வியாபாரிகள் சங்க மண்டபத்தில் பாராட்டு விழா வைக்க வேண்டும் என்று நின்றார். "அந்தப் பிள்ளையையும் வரச் சொல்லுட்டி. ரெண்டு பேருக்கும் சேத்தே செஞ்சிருவோம்" என்றார். சாரல் நேரம். விழா முடிந்ததும் எல்லோரும் வேனில் குற்றாலம் போய்க் குளிப்பதாகப் பேச்சு.

விழாவுக்கு முந்தின மதியம், நான் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியிலிருந்து துறைத்தலைவர் போன் செய்தார். முதலில் வாழ்த்துச் சொன்னார். பிறகு, பிரெஞ்சு எடுக்கப் பிள்ளைகள் சேரவில்லை, இந்த வருஷத்திலிருந்து அந்தப் பாடம் கிடையாது என்றார். "நீங்க இப்ப டாக்டரேட். உங்களுக்கு எங்க வேணும்னாலும் கிடைக்கும்மா." எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மா அதே அறையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து பாக்குப் போட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை தோழி சென்னை ரயிலில் வந்து இறங்கினாள். ரயில் தாமதம். குளித்துச் சேலை கட்டுவதற்குத்தான் நேரம் இருந்தது, அவளிடமும் சொல்ல முடியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா எங்கள் இருவருக்கும் மாலை போட்டார். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஊருல எத்தனையோ டாக்டர் இருக்காவ. பிரெஞ்சு டாக்டர் இவ ஒருத்திதான்" என்றார். கைதட்டல். "பிரான்சுக்கு எப்பம்மா போற?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்பா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏட்டி, ரெண்டு வார்த்த பிரெஞ்சுல பேசு. எல்லாரும் கேக்கணும்னு சொல்லுதாவ."

நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் எழுந்தேன். முதல் வாக்கியம் அப்படித்தான் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் வேறு ஏதோ ஆகிவிட்டது. நேற்றோடு எனக்கு வேலை இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். நான் எழுதியதை இந்த உலகத்தில் நாலைந்து பேர் படித்திருப்பார்கள், அதுவும் படித்தாக வேண்டும் என்பதற்காகப் படித்தவர்கள் என்றேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன், இப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை. நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா, உங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிரெஞ்சில் அப்பாவுக்கு 'பாப்பா' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டம் சிரித்தது. "பாப்பாங்குதா பாரு!" மண்டபமே கைதட்டியது. நான் பேசுவதை நிறுத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அங்கே தோழி ஒருத்திக்குத்தான் எல்லாம் புரிந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மைக்கை அவளிடம் நீட்டினார்.

"என்ன சொன்னான்னு தமிழ்ல சொல்லும்மா. பாப்பான்னா என்ன?"

"பாப்பான்னா அப்பான்னு அர்த்தம் அங்கிள்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா இல்லேன்னா இந்தப் பட்டம் இல்லேன்னு சொன்னா. ஊர்க்காரங்க எல்லாருக்கும் நன்றி சொன்னா."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். மைக்கை வாங்கி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டுக் குற்றாலம் போனோம். மலையில் நல்ல மழை. மெயின் அருவியில் வெள்ளம் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. மற்றவர்கள் ஐந்தருவியைப் பார்த்துவரக் கிளம்பினார்கள். நாங்கள் இருவரும் சிப்ஸ் கடை ஓரத்தில் நின்றுகொண்டோம். அருவிச் சத்தத்தில் காதருகே பேச வேண்டியிருந்தது.

"நேத்துதான் தெரிஞ்சுதா?"

"ம்."

"நீ இவ்வளவு நல்ல பிரெஞ்சு பேசி நான் கேட்டதில்ல. ஆய்வேட்டுலகூட இப்படி எழுதல."

இருவரும் சிரித்தோம். அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். அவள் சென்னையில் ஒரு கம்பெனியில், கனடாக்காரர்கள் பிரெஞ்சில் எழுதும் இன்சூரன்ஸ் புகார்களைப் படித்துச் சுருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இப்ப மெஷினே படிச்சிடுது. அது படிச்சது சரியான்னு நான் பாக்கறேன். அதுக்கும் ஆள் வேணாமாம், அடுத்த மாசம் எங்க டீமையே எடுக்கறாங்க. உங்கப்பா எனக்கு மாலை போட்டாரு பாரு, அப்பவே எந்திரிச்சு ஓடிடலாம்போல இருந்துச்சு."

வேன் வரும்வரை சாரலில் நனைந்துகொண்டு நின்றோம்.

மறுநாள் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"வேல போயிட்டாட்டி?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த போன் வந்ததுல இருந்து நீ ஒழுங்கா சோறு திங்கல. மேடையில நீ நின்னது நன்றி சொல்லுத மொகமாவா இருந்துச்சு?" துருவுவதை நிறுத்தவில்லை. "அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத."

எப்போது சொன்னாள் என்று தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "கடையில ஆளு பத்தல. சும்மா வந்து உக்காரு. மனசுக்கும் மாத்தமா இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து கடையில் உட்காருகிறேன். குக்கருக்கு வாஷர், இட்லித் தட்டு, கல்யாணச் சீர் அண்டா. அந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தால் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் பேசிவிட்டுப் போகிறார். அப்பா இப்போது யாரிடமும் என்னை டாக்டர் என்று சொல்வதில்லை. விண்ணப்பங்கள் போட்டேன். எதற்கும் பதில் வரவில்லை, இப்போது போடுவதில்லை.

தோழி வேலை போய்க் காரைக்காலுக்கே திரும்பிவிட்டாள். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை போனில் பிரெஞ்சிலேயே பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அவள் அம்மாவின் ரத்தக்கொதிப்பு, எங்கள் கடை, மழை என்று பேச்சு மெல்லத் தமிழுக்கு வந்துவிட்டது. போன வாரம் ஏதோ சொல்ல வந்தவளுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் வாயில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அகராதியைப் பார்த்துச் சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம், விடு" என்றாள்.