கிழித்துப் போட்ட கடுதாசி

எங்கள் வீட்டில் எந்த வேலையும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். எண்பத்தாறு வயதில், கட்டிலோடு கிடக்கும் அப்பாவுக்கு, அவருடைய தாத்தாவின் அப்பா எந்த நாளில் செத்தார் என்று தெரிய வேண்டுமாம். இந்த வைகாசியில் ஆரம்பித்தார். "கண்ண மூடறதுக்குள்ள அவரோட திதி தெரிஞ்சாகணும்டா. ஒரு தடவையாவது அந்த நாள்ல எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டுப் போறேன்."

அந்தப் பாட்டனாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலமில்லாத ஆள். நூற்று நாற்பது வருஷம் இருக்கும், முழுகாமல் இருந்த பெண்டாட்டியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, கிடங்கில் மூட்டை தூக்கக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். திரும்பவில்லை. அந்த அம்மாள் சாகிற வரைக்கும் தாலியும் பூவும் பொட்டுமாகக் காத்திருந்தாள். அப்பா ரயில்வே வேலைக்கு இந்தக் கல்கத்தாவுக்கு வந்தபோது, "அப்படியே அவரையும் தேடிக் கூட்டிட்டு வா" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் பண்ணினார்களாம். அப்போதெல்லாம் தேடவில்லை. இப்போது நான் தேட வேண்டும்.

லீவு போட்டு, பழைய சாவுப் பதிவு தேடி அலிப்பூரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரு வயசான கிளார்க் மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்து, "அந்தக் காலத்தில் கூலிக்காரன் செத்தால் யார் எழுதி வைத்தார்கள்?" என்று பெங்காலியில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் அவர் கேட்டது நியாயம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துபாயில் இருந்த என் அண்ணன் போன ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டான். அப்பா அப்போது நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தார். "கொஞ்சம் தேறட்டும், சொல்லிக்கலாம்" என்று நானும் என் மனைவியும் முடிவு பண்ணினோம். தேறினார். நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் "அவன் போன் பண்ணானா?" என்பார். டபுள் டியூட்டி, சிக்னல் இல்லை என்று வாய்க்கு வந்ததை அளப்பேன். தை பிறந்தது. சாவு விழுந்த வருஷம் பொங்கல் பானை வைக்கக் கூடாது என்று என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். லேக் மார்க்கெட்டில் ஒரு மெஸ்ஸிலிருந்து பொங்கல் வாங்கி வந்து, வீட்டில் கேஸ் தீர்ந்துபோச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். பேசாமல் சாப்பிட்டார். அதற்கப்புறம் அண்ணனைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. வயசாகிவிட்டது, பழசு நிற்கிறது, புதுசு நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆவணியில், கடைசி முயற்சியாக, ஊரில் இருக்கும் பங்காளி முறைச் சித்தப்பா ஒருவரைப் போனில் பிடித்தேன். பாட்டனாரின் அண்ணன் வம்சம் அவர்.

"இதுக்கா இவ்வளவு அலைஞ்ச? அவர் போன மூணாம் மாசமே பேதியில செத்துட்டார்னு கடுதாசி வந்துடுச்சேப்பா. எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்."

சாவுக் கடுதாசியை வீட்டில் வைத்திருக்க மாட்டோம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம் அல்லவா? அண்ணன்காரர் வாய்க்கால் கரையிலேயே யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கிழித்துத் தண்ணீரில் விட்டிருக்கிறார். நாளும் அதோடு போய்விட்டது. தீட்டுக்குப் பங்காளிகள் தலைமுழுக வேண்டுமே. அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வராதபடி ஒவ்வொருத்தராகப் போய் முழுகிவிட்டு வந்தார்களாம். "வயித்துப் பிள்ளைக்காரியாச்சே, பிரசவம் ஆகட்டும்னு இருந்தாங்க. அப்புறம் பிள்ளைக்குப் பல்லு முளைக்கட்டும்னாங்க. அதுக்கப்புறம் யாருக்கு வாய் வரும், சொல்லு." கல்யாண வீடுகளில் மட்டும், ஆரத்தி எடுக்கிற நேரம் பார்த்து அவளை ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்களாம். இப்படியே நாற்பது வருஷம்.

போனை வைத்துவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அப்பாவிடம் மகாளய அமாவாசை அன்றைக்குத்தான் சொன்னேன். திதி தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த நாள்தானே. பக்கத்து வீட்டுக்காரர்கள் விடிந்ததும் கங்கைக்குப் போயிருந்தார்கள். அப்பாவால் போக முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஸ்டூலில் தாம்பாளத்தை வைத்தேன். கதையை முழுக்கக் கேட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்டா."

"யாருமே சொல்லலியேப்பா."

"தாலி கட்டின பொம்பள கையில, ஒரு கல்யாணத்துலகூட ஆரத்தித் தட்டைக் குடுக்கலேன்னா அவளுக்குப் புரியாதா? கேட்டா அவங்க முகம் செத்துப்போகுமேன்னு கேக்காம இருந்திருப்பா. பாவம், வாய் விட்டு அழக்கூட முடியாம கிடந்திருக்கா."

நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவருடைய அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, கல்கத்தாவுக்கு வந்து செத்த அந்த மனுஷருக்கு என்று எள்ளை இறைத்தார். முடிந்தது என்று செம்பைக் கீழே வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் எள்ளு போடு."

"மூணு பேருக்கும் ஆச்சேப்பா."

"இந்த வருஷம் நம்ம வீட்ல பொங்கப் பானை ஏறல" என்றார். குரல் உயரவே இல்லை. "நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எள்ளுப் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன்.

"அவனோட திதியையாவது வச்சிருக்கியா, இல்ல அதையும் கிழிச்சுப் போட்டுட்டியா?"

"ஐப்பசி, தேய்பிறைத் துவாதசி" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். எள்ளை அவர் கையில் வைத்துவிட்டுச் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.