ஓடுதளத்தில் பதினான்காவது இடம்

என் கருவிப் பையில் அந்தச் சுத்தியல் இன்னும் இருக்கிறது. கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பதற்கான சின்னச் சுத்தியல். நல்ல கான்கிரீட் 'டங்' என்று சொல்லும். உள்ளே கெட்டிருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். செட்டிநாட்டுப் பொட்டலில் கிடந்த பழைய ஓடுதளத்தை ஒரு கோடையில் அதனால் தட்டிக்கொண்டே நடந்தபோது, பதினான்காவது இடத்தில் 'தொப்' என்றது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தலையாரி சட்டென்று நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் அவசரமாகப் போட்ட தளம் அது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன; கான்கிரீட் மட்டும் வெயிலில் கிடந்தது. சுற்றுவட்டாரத்தார் அதில் மிளகாய் காயப்போட்டார்கள். விமானங்களைக் கட்டிவைத்த இரும்பு வளையங்களில் ஆடுகளைக் கட்டினார்கள். சாக்கோட்டைப் பக்கத்து இளவட்டங்கள் பைக் பழகினார்கள். பிறகு அங்கே பயணிகள் விமான நிலையம் வரும் என்று முடிவானதும், தளத்தின் பழுதுகளைப் பட்டியலிட என்னை அனுப்பினார்கள். எனக்கு வழிகாட்டத் தலையாரி. அரசாங்கத் தாள்களில் அவர் கிராம உதவியாளர், ஊருக்குத் தலையாரிதான். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா.

முதல் நாளிலேயே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எதையும் வரிசை போட்டு எழுதுகிறவள் என்பதால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகங்களையும் எழுதினேன். ஒன்று, நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அவர் முந்தி வந்து தளத்தைப் பெருக்கியிருந்தார். யாரும் சொல்லாமல் ஓடுதளத்தைப் பெருக்குகிற அரசு ஊழியரை நான் பார்த்ததில்லை. இரண்டு, கிழக்குக் கோடிக்கு விடமாட்டார். "அங்குட்டுப் போகாதீகம்மா, கண்ணாடி விரியன் கிடக்கு" என்பார். மறுநாள் அதே இடத்தில் வெறுங்காலோடு நிற்பார். மூன்று, சாப்பாட்டு நேரத்தில் "இன்னைக்கு எத்தனை எழுதுனீக?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். வளையங்கள் சில பெயர்க்கப்பட்டிருந்தன. ஆள் இரும்பு விற்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

விரியனைப் பொருட்படுத்தாமல் கிழக்குக் கோடிக்குப் போன நாளில், 'தொப்' என்ற இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டேன். "பழைய வெடிப்பும்மா, விடுங்க" என்றார். குனிந்து பார்த்தால் மேலே சிமெண்டுப் பால் மட்டும், அதுவும் புதிது. கடப்பாரை கேட்டேன். "கொண்டாரலையே" என்றார். அவர் சைக்கிளிலேயே ஒன்று கட்டியிருந்தது. வாங்கிக் குத்தினேன், முழங்கால் ஆழத்துக்குச் சரளைக்குள் இறங்கியது. இன்னும் நாலு இடத்தில் குத்தினேன். வடக்கிலிருந்து தெற்காக, தளத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கை நீளம் இடைவெளி விட்டு யாரோ கான்கிரீட்டை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"யாருண்ணே வெட்டுனது?"

"எங்க தாத்தா காலத்து ஆளுக" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். தளம் போட்டபோது ஊருணிக்கு வரும் வாய்க்கால் அடியில் மாட்டிக்கொண்டது. விமானங்கள் போனதும் ஊரே உளி பிடித்து வெட்டித் திறந்தது. மழைக்கு முன்னால் சரளையை அள்ளிவிடுவார்கள். அதிகாரிகள் வருவதாகத் தெரிந்தால் நிரப்பி, சிமெண்டுப் பால் தெளித்து, பெருக்கிவிடுவார்கள். வருகிற சேதியை முன்கூட்டிச் சொல்வது அவர் குடும்பத்தின் பொறுப்பு.

"இதை நீங்க எழுதுனீகன்னா கான்கிரீட்ட ஊத்தி அடைச்சுருவாக. அப்புறம் காஞ்சுபோன எங்க ஊருணியிலயே பிளேன விட்டுக்கிட வேண்டியதுதான்."

அதையும் நான் உடனே நம்பவில்லை. மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன். சரிவு அவர் சொன்ன பக்கமே இருந்தது. அன்று மாலை காரைக்குடி அறையில் தளத்தின் வரைபடங்களை எல்லாம் விரித்தேன். ஒன்றில்கூட வாய்க்கால் இல்லை. வந்த அதிகாரிகள் யாரும் அதைப் பார்த்ததில்லை, அதனால் யாரும் வரைந்ததும் இல்லை. அத்தனை ஒழுங்காக மறைத்திருக்கிறார்கள்.

மறுநாள் வரைபடங்களை அவர் முன் வைத்தேன். "இல்லாத வாய்க்காலுக்கு யாருண்ணே குழாய் போடுவாங்க? புதுத் தளம் வந்தா சுத்தி வேலி வந்துரும். அப்ப உளியைத் தூக்கிட்டு உள்ளயே நுழைய முடியாது. நீங்க மறைச்சா ஊருணி போச்சு."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இப்படிப் பேசித்தான் வாயப் புடுங்குவாகன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றார். அப்புறம் என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். தன் பேனாவை எடுத்து நீட்டினார். "பென்சில்ல வேணாம். இதுல எழுதுங்க."

'14. நீர்வழி. தளத்தின் அடியில் குழாய் தேவை' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். வளையங்களைப் பற்றிக் கேட்டேன். "அது வேற கதைம்மா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் புதுத் தளமும் வேலியும் வந்துவிட்டன. வரைபடத்தில் குழாயும் இருக்கிறது. ஆனால் வரைபடங்களை நம்புவதை நான் அந்தக் கோடையோடு விட்டுவிட்டேன். முதல் பெருமழை விட்ட காலையில், வேலிக்கு வெளியே வடக்குப் பக்கத்துக் குழாயின் வாயருகே போய் நின்று தலையாரியைப் போனில் அழைத்தேன்.

"விடியக்காலையிலேருந்து நான் தெக்குப் பக்கத்து வாயிலதானம்மா நிக்கிறேன்" என்றார். "தண்ணி வருது. ஆனா இது அந்தத் தண்ணிதானா, வயக்காட்டுத் தண்ணியான்னு தெரியலை."

சாக்பீஸ் வைக்கும் மஞ்சள் டப்பாவை மூடி நீரில் விட்டேன். இருட்டுக்குள் போயிற்று. கை சும்மா இருக்காமல், சுத்தியலால் குழாயின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். டங். டங்.

"மஞ்சளா ஒண்ணு வருதும்மா" என்றார் கடைசியில். நான் பேசுவதற்குள், "அடுத்த வருசமும் தண்ணி வரணும். அதையும் பேனாவுல எழுதிக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.