எதிர்ப்பக்கம் சுற்றிய சக்கரம்

“வலச் சக்கரத்தை முன்னால் சுற்றினேன், இடச் சக்கரம் பின்னால் சுற்றியது. அத்தான் சொன்னது பொய்.” 1991 ஐப்பசியில் என் டைரியில் எழுதியது இது.

ராஜபாளையத்தில் அக்காவின் கணவரிடம் இருந்த பழைய பிக்கப்பை, செண்பகத்தோப்பில் காய் ஏற்ற நான் வாங்குவதாக இருந்தது. “லிமிடெட் ஸ்லிப் வண்டி மாப்ள. ஒரு சக்கரம் சேத்துல வழுக்குனாலும் மத்தது இழுத்துரும்” என்றார். அப்படியானால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றினேன்.

“யார்ட்ட கதை விடுதீய அத்தான்?” என்றேன், தெருவே பார்க்க.

அவர் கத்தவில்லை. “எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்” என்றவர், உள்ளே திரும்பி, “ஏட்டி, ஒந்தம்பி கெளம்புதான்” என்றார். அக்கா வெளியே வரவில்லை. அந்தத் தையில் நான் கொண்டுபோன பொங்கல் சீரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். பிறகு பேசவே இல்லை.

சில வருடம் கழித்து வேறொரு புத்தகத்தில் படித்தேன்: பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் தட்டுகள் தேய்ந்துவிட்டால் லிமிடெட் ஸ்லிப் வண்டியும் அப்படித்தான் எதிர்ப்பக்கம் சுற்றுமாம். அதற்குள் வண்டி பழைய இரும்புக்குப் போயிருந்தது, அத்தானும் இறந்திருந்தார். அந்த டிஃபரன்ஷியலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

டைரியில் ‘பொய்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். இன்றுவரை அது அப்படியே இருக்கிறது.