எங்களுக்குக் கழிவு வேண்டாம்

கல்லூரி அரங்கத்தின் திரையில் அந்தத் தொகை வந்ததும் என் கணவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இது கேக்குற வெலையா, முடிஞ்ச வெலையா?"

"சும்மா இருங்க. இது காலேஜு."

"காலேஜுன்னா பேசிப் பாக்கக் கூடாதாக்கும்?"

எங்கள் மூன்று வயது மகள் என் மடியில் உட்கார்ந்து, என் துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்தக் கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த மாணவி நான் ஒருத்திதான். மற்றவர்களை அவர்களுடைய அம்மா அப்பா கூட்டி வந்திருந்தார்கள்.

கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் நான் முதுகலை சேர்ந்தேன். உணவு பதப்படுத்தும் படிப்பு. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பறித்த பழம் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எவ்வளவு வீணாகிறது என்பதைத் தினமும் பார்க்கிற வீட்டுக்கு இந்தப் படிப்பு பொருத்தம் என்று என் கணவரே சொல்லித்தான் தேனிப் பக்கத்துக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு பருவம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்துவிட்டு வரலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. ஸ்பெயினில் இருந்த பல்கலைக்கழகத்தில் திராட்சையை வெகுநாள் கெடாமல் வைப்பதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான். கூடவே மகள் ஞாபகமும். விட்டுவிட்டுப் போனால் என்னை மறந்துவிடுவாளோ என்று ஒரு பக்கம். போகாமல் இருந்துவிட்டு அந்த ஏக்கத்தைப் பின்னால் அவள்மீதே காட்டிவிடுவேனோ என்று இன்னொரு பக்கம்.

திரையில் இருந்த தொகை, தோட்டத்தில் ஒரு வெட்டுக்கு, அதாவது ஒரு அறுவடைக்கு, எங்கள் கைக்கு வருவதைவிட அதிகம். நான் சொல்வது உரம், மருந்து, கூலி எல்லாம் போவதற்கு முன்னால் வருகிற பணத்தை.

திட்டத்துக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் சென்னையிலிருந்து வந்த பெண்மணி. பொறுமையாகப் பேசினார். அந்தத் தொகைக்குள் படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு, விசா, காப்பீடு எல்லாம் அடக்கம் என்றார். மலேசியாவுக்குப் போனாலும் ஸ்பெயினுக்குப் போனாலும் ஒரே விலை என்றார்.

பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "மலேசியா பக்கத்துலதான இருக்கு? அதுக்கும் அதே காசா?"

"தனித்தனி விலை வெச்சா, பணம் இருக்கிற பிள்ளைங்க மட்டும் தூரத்து ஊருக்குப் போவாங்கம்மா. மத்தவங்க படிப்பைப் பார்க்காம விலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பாங்க. அதனால எல்லாச் செலவையும் ஒண்ணாப் போட்டு, எல்லாருக்கும் சமமாப் பிரிச்சிருக்கோம்."

"ஆக, மலேசியா போற புள்ள ஒனக்கும் சேத்துக் கட்டுது," என்று என் காதில் சொன்னார் கணவர். அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. முகம் தெளிந்தது.

அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் அந்தச் சொல்லைச் சொன்னார். "கட்டணத்துல கழிவும் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைவா இருந்தா கழிவு அதிகமா இருக்கும்."

என் கணவரின் முகம் சுருங்கியது. "வருமானம் கொறச்சலா இருந்தா கழிவு ஜாஸ்தியா? இது என்ன அநியாயம்!"

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்களிடம் கழிவு என்று சொன்னால் வேறு எந்த நினைப்பும் வராது. பழத்தைக் கமிஷன் கடையில் எடை போட்டதும், காம்புக்கு இவ்வளவு, உதிர்ந்ததுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் குறைப்பார்களே, அதுதான் கழிவு. பெரிய தோட்டக்காரரிடம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். எங்களைப் போலச் சின்னத் தோட்டக்காரரிடம் நிறையக் கழிப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் சொன்னது அப்படியே அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

பைக்கில் திரும்பும்போது நான் மெதுவாகச் சொன்னேன். "கழிவுன்னா தள்ளுபடியா இருக்குமோ?"

"தள்ளுபடின்னா தள்ளுபடின்னு சொல்ல மாட்டாகளா? படிச்சவுகதான?"

எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இலாபம், நட்டம், கழிவு என்று கணக்குப் போட்டவள்தான் நான். ஆனாலும் அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் என் தெளிவு கரைந்துபோனது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தில் ஏழைகளிடம் கூடுதலாக ஏதாவது பிடித்தம் செய்து முன்பணமாக வைத்துக்கொள்வார்களோ? கேட்டுவிடலாம்தான். குழந்தையோடு வந்தவள் முதல் கேள்வியே பணத்தைப் பற்றிக் கேட்கிறாள், இவள் எங்கே போகப்போகிறாள் என்று பெயரை அடித்துவிட்டால்? கேட்கவில்லை.

வீட்டில் மாமனார் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே மகளுக்கு முறுக்கை நொறுக்கிக் கொடுத்தார். "எம்புட்டுக் கழிவாம்?"

"சொல்லல மாமா."

"சொல்லாமப் பிடிக்கிறவன்தான் பெருசாப் பிடிப்பான்." கையில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டினார். "நீ போகணும்னு நெனைக்கிறியா ஆத்தா?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய உடனே மகளைப் பார்த்தேன்.

"அப்பச் சரி. கரட்டோரத்து நெலத்த ஒத்திக்கு விட்டுருவோம். முழுசாக் கட்டிருவோம். ஆனா கழிவுக்கு மட்டும் ஒத்துக்காத. ஒத்துக்கிட்டா அடுத்தடுத்துப் பிடிப்பாக."

குன்றடியில் இருக்கும் அந்த நிலத்திலிருந்துதான் எங்கள் மாட்டுக்கு வருஷம் முழுக்கச் சோளத்தட்டை வருகிறது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை நிலத்தை அடுத்தவர்தான் அனுபவிப்பார்; ஒத்திக்குப் போன நிலம் எப்போது திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் போவதென்றால் அது கைமாற வேண்டும். அது எங்களிடமே இருக்க வேண்டுமென்றால் நான் போகக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு ஆள் தேர்வுசெய்யும் நேர்காணல் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நேர்காணல் அறையில் ஒருங்கிணைப்பாளரும், என் துறைப் பேராசிரியரும், கல்லூரியின் கணக்கு அலுவலரும் இருந்தார்கள். பாடம் பற்றிக் கேட்டவற்றுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். கடைசியில் ஒருங்கிணைப்பாளர் கேட்டார். "நிதி உதவி பத்தி ஏதாவது சொல்லணுமா?"

மாமனார் சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னேன். "எங்களுக்குக் கழிவு வேண்டாம் மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாமா? ஓ, வசதியான குடும்பமா?"

"இல்லை மேடம். முழுத் தொகையும் கட்டிடுறோம். அதுக்காக நிலத்தை ஒத்திக்கு விடுறோம்."

"நிலத்தை ஒத்திக்கு விடுவீங்க, ஆனா கழிவு வேண்டாம்?"

"கழிவும் பிடிச்சா எங்களால தாங்க முடியாது மேடம்."

ஒருங்கிணைப்பாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் மேசையைப் பார்த்தார். கணக்கு அலுவலர்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வீட்ல திராட்சையா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மேடம், இவுக கமிஷன் கடைக் கழிவச் சொல்றாக. எனக்கும் கம்பந்தான். எங்கப்பா அந்தக் கழிவத் திட்டிக்கிட்டேதான் எங்களப் படிக்க வச்சாக." பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்கன கழியிறது நாங்க கேக்குற தொகையிலம்மா. ஒங்க பழத்துல இல்ல."

எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தே இவ்வளவு நாளும் பயந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்துவிட்டது. அசட்டுத்தனமாகப் பேசியாயிற்று, பெயரை அடித்தால் இந்நேரம் அடித்திருப்பார்கள். இனிமேல் கேட்பதற்கு என்ன?

கேட்டேன். கல்யாணமானவளுக்கு யாருடைய வருமானச் சான்று, அப்பாவுடையதா, கணவருடையதா? கணவருடையது போதும் என்றார்கள். இப்போது எனக்கு வருகிற அரசு உதவித்தொகை நின்றுவிடுமா? நிற்காது, நான் இந்தக் கல்லூரி மாணவியாகத்தான் போகிறேன். தொகையில் அடங்கிய விமானச் சீட்டுக்கென்று தனியாக உதவி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. மீதித் தொகையை வெட்டு முடிந்த பிறகு கட்டலாமா? கணக்கு அலுவலர் உடனே, "அடுத்த வெட்டு எப்ப?" என்று கேட்டு, அந்த மாதத்தையே தவணையாகக் குறித்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்ததுல பாதிப் பேரு திராட்சை வீடுதான் மேடம். அவங்களும் பயந்துதான் போயிருப்பாங்க."

ஒருங்கிணைப்பாளர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "அதான் கம்பம், சின்னமனூர் பக்கத்துல இருந்து ஒருத்தர்கூட உதவி கேட்கலையா? அவங்களுக்குத் தேவைப்படலைன்னு நினைச்சுட்டேன்." அடுத்த வாரமே அந்தக் குடும்பங்களை மறுபடி அழைத்தார். என்னையே எழுந்து பேசச் சொன்னார். "இது நம்ம கடைக் கழிவு இல்லைங்க, திருப்பிப் போட்ட கழிவு," என்றதும் அரங்கம் முழுக்கச் சிரித்ததே, அந்தச் சத்தத்தை இன்னும் காதில் வைத்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் மலேசியாவைப் பற்றிக் கேட்ட அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் என் மகள வேணாம்னு சொல்லிட்டேன் தாயி. இப்பப் போய்க் கேட்டாச் சேப்பாகளா?" சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இடம் கிடைத்தது. கழிவும் பயண உதவியும் போக மிஞ்சியது, ஒரு வெட்டில் தாங்கக்கூடியதாக இருந்தது. கரட்டோர நிலம் எங்களிடமே நின்றது. மாமனார் அன்று பழம் ஏற்றிக்கொண்டு போய்க் கமிஷன் கடையில் எல்லார் முன்னாலும் அறிவித்திருக்கிறார். "எம் மருமகளுக்குக் காலேஜுல பெரிய கழிவாப் போட்டுருக்காக!"

அங்கிருந்தவர்கள் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். "அடப் பாவமே, அங்கனயுமா?"

அவர் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு வர மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஆனாலும் கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க நான் மறுபடி மனம் தளர்ந்தேன். பக்கத்து வீட்டில் ஒருவர், "பச்சப்புள்ளய விட்டுட்டுப் போக மனசு வருதா?" என்று கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. கெங்குவார்பட்டியிலிருந்து என் அம்மா வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இருந்தும் மாமனாரிடம் போய், "நான் இல்லாட்டி இவ சாப்பிட மாட்டா மாமா," என்றேன்.

"நீ இருக்கப்ப மட்டும் சாப்பிடுறாளாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒங்கம்மா என்ன படிச்சிருக்குன்னு நாளைக்கு அவகிட்டக் கேப்பாக. அதுக்குப் பதில் சொல்லணும்ல ஆத்தா. போயிட்டு வா."

மாமனாரும் வழியனுப்ப வந்திருந்த மதுரை விமான நிலைய வாசலில் மகள் அழவில்லை. விமானம் எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதது என் கணவர். கண்ணில் தூசி என்றார். நான் உள்ளே போய்ப் பெட்டியை எடை மேடையில் வைத்தேன். பருப்புப்பொடி, ஊறுகாய், கம்பளிச் சட்டை என்று எல்லாரும் திணித்த பெட்டி. கவுண்டரில் இருந்த பெண் எண்ணைப் பார்த்தாள். "கொஞ்சம் கூட இருக்கே மேடம்." எதை வெளியே எடுப்பது என்று நான் பூட்டைத் திறக்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி விடுங்க, பரவாயில்ல," என்று சீட்டை ஒட்டினாள்.

கணவருக்குப் போன் செய்தேன். "எடையில கூடிருச்சுங்க. கழிச்சு விட்டுட்டாங்க."

போன் கை மாறியது. மாமனார் குரல். "யாருக்குக் கழிச்சாக?"

"நமக்குத்தான் மாமா!"

"நமக்காம்லே!" என்று அவர் என் கணவரிடம் கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால் என் மகளின் குரல். என்னவென்று தெரியாமலே, "நமக்கு, நமக்கு," என்று குதித்துக்கொண்டிருந்தாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நான் நடந்தேன்.