நான் சொன்ன இரண்டாம் பாகம்

படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. முடித்துவிட்டுச் சொல்வோம் என்ற பொறுமையெல்லாம் கிடையாது. பாதியிலேயே, "அருமையா இருக்கு, நீயும் படி" என்று கையில் திணித்துவிடுவேன். வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்த்த டீச்சர் நான். அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஒருத்தி, என்னைவிட இளையவள், தினமும் கூட வருவாள். நாகல் நகர் வாடகை நூலகத்தில் நான் எடுக்கும் நாவல்கள் எல்லாம் எனக்குப் பிறகு அவளுக்குத்தான். அந்த வருடம் இரண்டு பாகம் கொண்ட ஒரு நாவல் கிடைத்தது. கதாநாயகி கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகிறாள். முதல் பாகம் முடிந்ததுமே கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிட்டு நான் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன். அவளும் அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. "அக்கா, இவ அப்படியே நான்தான்" என்று அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உலையை வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பிரசவத்தில் கதாநாயகி செத்துப்போகிறாள். பிள்ளையும் தங்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோறு குழைந்துபோனது. இதையா அவளிடம் படி படி என்றேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலம் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் காலையில் புத்தகத்தைப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று யாரோ அவளுக்கு இடம் கொடுத்தார்கள். நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பதுதானே வழக்கம், நானும் கொடுத்தேன். "முன்னாடி போம்மா, போம்மா" என்று கண்டக்டர் விரட்டியதில் டிரைவர் சீட்டு வரைக்கும் தள்ளப்பட்டேன். இறங்கிப் பையை வாங்கும்போதும் என்ன பொய் சொல்வது என்பதிலேயே என் புத்தி இருந்தது.

"ரெண்டாம் பாகத்த யாரோ கேட்டாங்கன்னு லைப்ரரியில குடுத்துட்டேன். கதைய நானே சொல்றேன்" என்றேன்.

அவள் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "சரிக்கா, சொல்லுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் கதை சொன்னேன். கதாநாயகிக்கு நல்ல டாக்டரை அமர்த்தினேன். கொடுமைக்கார மாமியாரைத் திருத்தினேன். சுகப்பிரசவம், பெண் குழந்தை. அதோடு விட்டாளா? "அப்புறம்?" என்பாள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, ஏழாம் மாதம் பல் முளைத்தது. முந்தின நாள் சொன்னது எனக்கே மறந்துவிடும், அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். நூலகத்துக்கு அவளே போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் லீவில் போகும்வரை ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

பெண் குழந்தை, இருவரும் நலம் என்று அவள் வீட்டுக்காரர் வந்து சொன்ன அன்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. ஆயக்குடிக் கொய்யாவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொய்யா ஆகாது என்பதுகூட உறைக்கவில்லை.

அவள் பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, அன்னைக்கு ஒங்க பை என் மடியிலதான இருந்துச்சு. டிபன் பாக்ஸ் சாயுதேன்னு சரி பண்ணப் போனேன். அடியில புத்தகம் இருந்துச்சு. கடைசி அத்தியாயத்தப் படிச்சிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி, எம்புட்டுப் பயந்திருப்ப! பெறகு எதுக்கு என் பொய்யத் தெனமும் கேட்ட?"

"பயந்தேன்தான். ஆனா நீங்க அவளப் பொழைக்க வச்சுட்டீங்கள்ல. ஒரு நாள் கேக்காம விட்டா சாகடிச்சிருவீங்களோன்னுதான் அப்புறம் அப்புறம்னு கேட்டேன்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அது கொட்டாவி விட்டது.

"ஏழாம் மாசம் பல்லு மொளைக்கும்னு சொல்லியிருக்கீங்க. மாத்திறாதீங்க" என்றாள்.