நாவல் மரத்தடிப் பெட்டி

பஸ் படிக்கட்டில் கால் தவறி விழுந்ததில் என் இடது தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து, தையல் பிரித்து, எட்டு மாதம் ஆன பிறகும் நான் கைத்தடியோடு வீட்டுக்குள்ளேதான் நடந்துகொண்டிருந்தேன். படுக்கையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. தெருவில் இறங்கவில்லை. கேட்டவர்களிடம் வலி என்றேன். வலியைவிட விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் அதிகம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் என் தங்கை ஊருக்கு வந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது சொல்தா வீட்டில். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போனவள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். இந்தத் தடவை சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினாள். தினமும் விடியற்காலையில் என் கணவரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, காலாப்பட்டிலிருந்து சேதராப்பட்டுப் பக்கம் போகும் வழியில் இருக்கிற காட்டுக்கு நடக்கப் போய்விடுவாள்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தாள்.

"அந்தக் காட்டுல ஒரு பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கேன்க்கா. போற வழி இதுல எழுதியிருக்கு. நீயா நடந்து போயி கண்டுபிடி."

அவள் இருக்கும் ஊரில் இது ஒரு பொழுதுபோக்காம். காட்டில் யாராவது ஒரு சின்னப் பெட்டியை மறைத்து வைப்பார்கள். உள்ளே ஒரு நோட்டும் ரப்பர் முத்திரையும் இருக்கும். குறிப்பை வைத்துத் தேடி வருகிறவர்கள் நோட்டில் தங்கள் முத்திரையைப் பதித்துவிட்டு, பெட்டியின் முத்திரையைத் தங்கள் நோட்டில் பதித்துக்கொண்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

"நடக்க முடியாதவகிட்ட வெளையாடுறியா?" என்றேன்.

"முடியாதுன்னு டாக்டர் சொல்லல. நீதான் சொல்ற."

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் போன பிறகு கவரைப் பீரோவுக்குள் துணிக்கடியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு வருஷம் நின்றபடியே வேலை செய்தவள் நான். ஆட்டோவில் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு கஷ்டமா இருந்தா ஆபீஸ்ல உக்காந்து செய்யற வேலை ஒண்ணு பாக்கலாம். இல்ல, நின்னுடறதா இருந்தாலும் சொல்லுங்க. ஏப்ரலுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சா நல்லது."

வேலையை விட்டு நின்றுவிடுவதைத்தான் அப்படிக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மேல்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கவரைத் தேடி எடுத்துப் பிரித்தேன்.

'மண்பாதை. மூன்றாவது வளைவில் ரெட்டைப் பனை. பனைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே நூற்றிருபது காலடி. பெரிய நாவல் மரம். வேர் இடுக்கில் பார்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் கணவரை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். காட்டோரம் நிறுத்திவிட்டு அவர் கேட்டார். "நீ இங்கயே உக்காரு. நான் போயி எடுத்துட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றேன்.

அவரும் பின்னாலேயே வந்தார். செம்மண் பாதையில் மூன்று வளைவு கடப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ரெட்டைப் பனை இருந்தது. முதுகைக் காட்டி நின்று, சூரியனைப் பார்த்து எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்றிருபதாவது அடியில் முந்திரி மரங்களுக்கு நடுவில் நின்றேன். நாவல் மரம் கண்ணில் படவே இல்லை. அதற்கு மேல் ஓர் அடி வைக்கத் தெம்பில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு நாள் கால் வீங்கிக் கிடந்தது.

அவர் போன் போட்டு என் தங்கையைத் திட்டினார். "ஒழுங்கா எடத்தைச் சொல்லிடு. நானே போறேன்." மறுமுனையில் அவளும் பயந்துபோய்ச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். போனைப் பிடுங்கினேன்.

"சொல்லாத. ஒரு வார்த்தை சொன்னேன்னா அப்புறம் உன்னோட பேச மாட்டேன்."

மூன்றாம் நாள் குளித்துவிட்டு ஈரக் காலோடு கூடத்தில் நடந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். தரையில் என் காலடிகள் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன. எவ்வளவு குறுகிப்போயிருக்கிறேன் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். தையல் டேப்பை எடுத்து அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர். உடனே தங்கைக்குப் போன் போட்டேன்.

"உன் காலடி எவ்ளோ நீளம்?"

"இன்னாக்கா கேக்கற?"

"அளந்து சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

டேப் தேடி எடுத்து, நடந்து பார்த்து, அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். அறுபத்தெட்டு. கணக்குப் போட்டால் அவளுடைய நூற்றிருபது காலடி எனக்கு இருநூற்று நாலு.

மறுநாளிலிருந்து தெருவில் இறங்கினேன். முதல் நாள் எதிர்வீட்டு வாசல் வரைக்கும். பிறகு மூலைக் கடை. பிறகு ரேஷன் கடை. பார்த்தவர்கள் "பாத்து, பாத்து" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் கால் நடுங்கும். அதனால் யார் பேச்சையும் காதில் வாங்காமல் நடந்தேன். இப்படி ஐந்து வாரம். மறுபடி கிளம்புவதற்கு முதல் நாள் அளந்தால் காலடி நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. புதிதாகக் கணக்குப் போட்டேன். நூற்றெழுபது.

இந்தத் தடவை அவரைப் பனையடியிலேயே நிற்கச் சொன்னேன். தொண்ணூறாவது அடியில் காரைமுள் புதர் குறுக்கே வந்தது. சுற்றிப் போனால் எண்ணிக்கை கெட்டுவிடும். தடியால் விலக்கி நேராகவே போனேன். புடவை கிழிந்தது, முழங்கையில் ரத்தக் கோடு விழுந்தது. நூற்றெழுபதை எண்ணி நிமிர்ந்தபோது நாலைந்து அடி தள்ளி நாவல் மரம் நின்றது.

வேர் இடுக்கைக் குனிந்து பார்த்தேன். பெட்டி இல்லை, கரையான் புற்றுதான் இருந்தது.

விழுந்த நாளிலிருந்து நான் தரையில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவதா? தடியைக் கீழே போட்டேன். மரத்தைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே மரத்தைச் சுற்றி நகர்ந்தேன். பின்பக்கம் தரையோடு தரையாக இன்னொரு பொந்து இருந்தது, வாயில் இரண்டு செங்கல் துண்டுகள் அடைத்து. அவற்றை எடுத்தேன். பச்சைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு டிபன் பாக்ஸ்.

உள்ளே அழிரப்பரில் செதுக்கிய நண்டு முத்திரை, மை அட்டை, நோட்டு. முதல் பக்கத்தில் தங்கையின் எழுத்து: 'அக்கா, வந்த நேரத்தை எழுது. வலிச்சா அதையும் எழுது.' அடுத்த பக்கத்தில் யாரோ இரண்டு மாணவர்கள் எழுதியிருந்தார்கள். தங்கை இணையத்திலும் போட்டிருந்த குறிப்பைப் பார்த்து வந்தார்களாம். கரையான் ஏறியதால் பெட்டியைப் பின்பக்கம் மாற்றியிருக்கிறார்களாம். எனக்கு முன்னால் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்பதில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

என்னிடம் முத்திரை கிடையாது. கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தேன். 'காலை எட்டே கால். வலிக்கிறது' என்று எழுதினேன். நண்டை என் கைப்பையிலிருந்த டைரியில் பதித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பழையபடி மூடி வைத்தேன்.

இனி எழ வேண்டும். இரண்டு முறை முயன்றேன், முடியவில்லை. பனையடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"நான் வரட்டுமா?"

"வேணாம். அங்கயே இருங்க."

குழந்தை மாதிரி திரும்பித் தவழ்ந்து முட்டி போட்டேன். வலது காலை ஊன்றி, வேரைப் பிடித்து, பிறகு மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. நின்றபோது உடம்பெல்லாம் வியர்வை. வாய்விட்டு அழுதேன். அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் வரவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

சாயங்காலம் தங்கைக்கு டைரியில் இருந்த நண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அவள் போன் போட்டாள். "அன்னிக்கு நான் பேசுனது அதிகந்தான்க்கா" என்றாள்.

"அதிகந்தான்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் கடைசியில் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் உட்காரும் வேலையைப் பற்றித் திரும்பவும் ஆரம்பித்தார்.

"பேக்கிங்லயே போடுங்க சார்" என்றேன்.

"எட்டு மணி நேரம் நிக்கணுமே, முடியுமா?"

"தெரியல. ஒரு மாசம் நின்னு பாக்கறேன்."

அந்த மாதம் சுலபமாகப் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் கால் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, மறுநாளும் கிளம்புவேன். ஒரு நாளும் லீவு போடவில்லை. மாதம் முடிந்தது. அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையைச் சுவரில் ஒட்டினார்கள். பேக்கிங் வரிசையில் என் பெயர் இருந்தது.