ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தளர்ந்த சக்கரத்தில்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் அரை மணி நேரம். நான் சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு பேட்டரி சைக்கிளில் கிளம்பினேன்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்ற வளாகத்தில் என் மகள் கயலைப் பார்க்க அனுமதி. அவளுக்கு எட்டு வயது. போன மாதம் “சாப்பிட்டியா, படிக்கியா” என்பதைத் தாண்டி எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த முறை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வளாகத்துக்குள் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். ஓட்டும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

ஊர் தாண்டியதும் இடப்பக்கம் மலை கூடவே வரும். அன்று பாதி மலை மேகத்துக்குள் இருந்தது. தென்னந்தோப்பு, நூற்பாலைச் சுவர், மறுபடி தென்னந்தோப்பு.

ஒன்பது முப்பத்தைந்து. மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு நெருங்கும்போது பின்சக்கரத்தில் டிக் டிக் என்ற சத்தம் கூடியது. இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். சட்டென்று ‘டங்’ என்றது. சக்கரம் ஆடி, டயர் உரசியது. இறங்கிப் பார்த்தால் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு முறிந்து தொங்கின. மற்றவை தொட்டால் ஆடின. சைக்கிள் முப்பது கிலோ. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளினேன்.

பத்து ஐந்துக்கு ஒரு சைக்கிள் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு கம்பியாகச் சுண்டி ஓசையைக் கவனித்தார்.

“புதுசுல கொஞ்ச தூரம் ஓடுனதும் ஒருக்க முறுக்கியிருக்கணும் அண்ணாச்சி. வாங்குன கடையில சொல்லலையா?”

“சொன்னாங்க. நான் செய்யல.”

“டைட்டா இருக்குறது முறியாது. லூசானதுதான் சுத்துக்கு ஒருக்க வளைஞ்சு வளைஞ்சு முறியும். இதுல மோட்டார் இழுவை வேற.”

ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். நான் போகும் காரியத்தைச் சொன்னேன்.

“அப்பம் சைக்கிள இங்கன போட்டுட்டு பஸ்ல போங்க. பொறவு வந்து எடுத்துக்கிடலாம்.”

“புள்ளைய இதுல ஏத்துறேன்னு சொல்லியிருக்கேன்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கம்பிக்குக் கால் சுற்று, எதிர்ப்பக்கம் கால் சுற்று. கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திப் பார்த்து, தளர்ந்ததை மறுபடி முறுக்கினார். நான் பார்க்க மூன்று பஸ்கள் போயின. ஒன்றுக்கும் கை நீட்டவில்லை.

பதினொன்று இருபதுக்குப் பழைய பெட்டியைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு வந்தார். “மோட்டார் சக்கரத்துக்குக் கம்பி குட்டையா, தடியா இருக்கும். எங்கிட்ட இருக்கும்னு நெனச்சேன், இல்ல. ரெண்டு கம்பி இல்லாம ஓடும். நீங்க மட்டும் மோட்டார் போடாம மிதிச்சுப் போங்க. பாப்பாவ ஏத்திராதீங்க.” இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றம் சேரும்போது பதினொன்று ஐம்பத்துநாலு. கயல் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் எழுந்து வந்து பின்சீட்டைப் பிடித்தாள்.

“இன்னைக்கு ஏற முடியாதும்மா. கம்பி முறிஞ்சிருச்சு. மத்த கம்பிய முறுக்குனதுலதான் லேட்டு.”

கையை எடுத்தாள். “பஸ்ல வந்திருந்தா பத்து மணிக்கே வந்திருப்பீங்களாப்பா?”

“ஆமா.”

மிச்சமிருந்த நேரத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மா செல்வி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அடுத்த மாசமும் வரணுமான்னு காலையிலயே கேட்டா. நான் சொல்லிக்குடுக்கல. என்ன சொல்லட்டும்?”

நான் குனிந்து பின்சக்கரத்துக் கம்பியைச் சுண்டிப் பார்த்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

திரும்புகையில் மலை வலப்பக்கம். மேகம் விலகி வெயில் ஏறியிருந்தது. மிதித்தே வந்ததில் ராஜபாளையம் சேர இரண்டு மணி ஆனது. வழியெல்லாம், வெறும் பின்சீட்டில் அவள் இருப்பதுபோல, கயலிடம் பேசிக்கொண்டே வந்தேன், வாய்விட்டு.